கோச்சடை நல்லகாமன் கொல்லையில் அடுப்புக் கட்டிய காதை

வாழ்க நல்லகாமன்! வைகைக் கரைக் கோச்சடையிலே கிழக்குப் பார்த்த ஓட்டு வீடும், அவ்வீட்டின் முதுகுக்குப் பின்னே விரிந்த கொல்லையும், கொல்லைக்கு ஒரு முருங்கையும், முருங்கைக்கு ஒரு கம்பளிப்பூச்சிப் படையும் உடைய கோமான் வாழ்க! பேருந்து நிலையத்து நேரக் காப்பாளன் என்னும் நெடும்பதவி தாங்கி, காக்கிச் சட்டையாகிய கவசம் பூண்டு, கழுத்திலே கறுப்புக் கயிற்றில் வெற்றிச் சங்கெனத் தொங்கிய விசிலை எடுத்து அவன் ஓர் ஊது ஊதினால் உசிலம்பட்டி வண்டி பின்வாங்கும். மறு ஊது ஊதினால் திருப்பரங்குன்றம் வண்டி முன்னேறும். மூன்றாவது ஊதலுக்கு டீக்கடையில் வடையைக் கடித்திருந்த ஓட்டுநர்கள் கடித்தது வாயிலும் கடிக்காதது கையிலுமாக எழுந்தோடுவர். அத்தகைய நாயகன் வாழ்க! அவன் மீசை வாழ்க! மீசையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்றுத் தணிந்திருந்ததும் வாழ்க! மட்டம் பார்க்கும் வித்தையில் அவனுக்கு இருந்த தேர்ச்சியை அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

செங்கல்லே, துணை நில். மணலே, சரியாதே. ரசமட்டக் குழாய்க்குள் உறையும் சின்னஞ்சிறு குமிழே, நடுவில் நில். நீ ஒருபக்கம் ஒதுங்கினால் ஒரு குடும்பத்தின் மானமே ஒருபக்கம் ஒதுங்கிவிடும். சிமெண்டே, பெர்மிட் இல்லாமல் தெய்வங்களுக்கும் கிட்டாத காலத்துப் பெரும்பொருளே, எங்கே வேண்டுமானாலும் இறுகிக்கொள். கதை சொல்லும் நாக்கில் மட்டும் இறுகிவிடாதே.

பெரும்போர்கள் மண்ணாசையால் விளைந்தன என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இந்தப் போர் குழம்பால் விளைந்தது.

நல்லகாமனின் மனைவி அன்னக்கொடி. அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன், எழுமலைச் சீமையின் ஏற்றமிகு சம்சாரி, பம்புசெட்டு மூன்று, உழவுமாடு நான்கு, குரல் ஒன்று, அந்தக் குரலோ நான்கு மாட்டையும் மூன்று பம்புசெட்டையும் சேர்த்து அமுக்குவது, பேர் பேயாண்டி. ஆடிமாதம் பிறந்தால் குலசாமி கருப்புக்குக் கிடா வெட்டுவதும், வெட்டிய கறியில் தங்கச்சி பங்கை ஈரம் காயாமல் கோச்சடைக்குச் சுமந்து வருவதும், அதைத் தங்கச்சி வீட்டுக் கொல்லையில் விறகடுப்பில் வேகவைத்து எல்லோரும் அங்கேயே தரையில் வரிசையாக உட்கார்ந்து உண்பதும் அவன் தவறாமல் காத்துவந்த தர்மம்.

போன வருஷத்து ஆடியிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். அந்தக் கொல்லைத் தரையோ, வீட்டை விற்றுவிட்டுப்போன பழைய சொந்தக்காரர் பாவிய பட்டியக்கல் தரை. ஒவ்வொரு கல்லும் தனக்கென ஒரு கொள்கை வைத்திருந்தது. ஒன்று வைகையைப் பார்த்துச் சாயும்; ஒன்று மலையைப் பார்த்து நிமிரும்; நடுவில் இருந்த ஒன்று, யார் மிதித்தாலும் அவர் பக்கம் சேர்ந்துவிடும். அதன்மேல் பேயாண்டிக்கு இலை விழுந்தது. அன்னக்கொடி அண்ணன் இலையில் அன்போடு குழம்பை ஊற்றினாள். சோற்று மலையின் உச்சியில் அவதரித்த அந்தச் செங்குழம்பு, கறித்துண்டுகளாகிய பாறைகளைச் சுற்றி, பொரியலாகிய சோலையைத் தழுவி, இலையின் எல்லை கடந்து, கல்லின் சரிவில் வேகங்கொண்டு, ஆற்றில் வெள்ளம் வந்தால் எப்படிக் கரையோரத்து மக்கள் விழிக்குமுன் வந்துவிடுமோ அப்படி, பேயாண்டியின் வெள்ளை வேட்டியில் சங்கமமாயிற்று.

பேயாண்டி எழுந்தான். வேட்டியைப் பார்த்தான். மைத்துனனைப் பார்த்தான். எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி முழங்கினான்.

“என்னா மாப்ள! ஊர்ல ஓடுற பஸ்ஸையெல்லாம் நிப்பாட்டுறவன்னு பேரு ஒனக்கு. ஒன் வீட்டுல ஒரு குழம்ப நிப்பாட்ட முடியலையே!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பது முறையல்ல என்று தெரிந்தவர்கள் இருமினார்கள். நல்லகாமனின் மீசை முதன்முறையாக இருபக்கமும் ஒரே மட்டத்தில் தணிந்தது.

“கேட்டுக்க மாப்ள. அடுத்த ஆடிக்குள்ள இந்தக் கொல்லைய நெரவி, மனுசன் சமைக்கிற மாதிரி ஒரு அடுப்படி கட்டு. கட்டலைன்னு வையி, எழுமலையிலயே கறியாக்கித் தூக்குவாளியில கொண்டாந்து எந்தங்கச்சிக்கு நானே போட்டுட்டுப் போயிருவேன்!”

தூக்குவாளி! விருந்துக்கு வருகிறவன் விருந்தைத் தானே சமைத்துக் கொண்டுவருவதா? அந்த மேற்குச் சீமையிலே ஒரு மருமகனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டும். அந்த ஒற்றைச் சொல் நல்லகாமன் நெஞ்சில் கைப்பிடி, மூடி, தகர விளிம்பு சகிதமாகத் தைத்தது.

விருந்தினர் போனபின் அன்னக்கொடி ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தாள். “இதுக்குப் போயி ஏன் இம்புட்டு ரோசம்? உள்ள பம்பு ஸ்டவ்வு சும்மாதான கெடக்கு. வார வருசம் ரெண்டு தவணையா வச்சு எறக்கிட்டாப் போகுது.”

“ஸ்டவ்வுல கெடாக்கறியா!” என்று கொதித்தெழுந்தான் கோமான். முருங்கையிலிருந்து இரண்டு கம்பளிப்பூச்சிகள் உதிர்ந்தன. “அன்னக்கொடி, எழுதி வச்சுக்க. இந்தக் கொல்லையில அடுப்பெரியும். அந்தப் பொகை எழுமலைக்குத் தெரியும்!”

சபதம் செய்த வீரன் மறுநாளே மண்வெட்டி தூக்குவான் என்று நினைப்பவர்களுக்கு வீரர்களைப் பற்றித் தெரியாது. கார்த்திகையும் தையும் கறுவுவதிலேயே கழிந்தன. பங்குனியில் அவன் ஒரு செங்கல் துண்டை எடுத்துக் கொல்லைச் சுவரில் வரைபடம் போட்டான். இடுப்பளவு உயர மேடை; மேடைக்குள்ளேயே இரட்டை வாய் விறகடுப்பு; ஓரத்தில் அசையாதபடி பதித்த அம்மி; பாத்திரம் கழுவத் தொட்டி; உச்சியில் கோபுரம்போல் ஒரு புகைக்கூண்டு; முன்னால் நாற்பது பேர் உண்ணக்கூடிய, எறும்பும் சறுக்காத சமதளத் தரை. நின்றுகொண்டே சமைக்கலாம். அதைப் பார்த்த அன்னக்கொடி, அடுப்பை எந்தப் பக்கம் குனிந்து ஊதுவது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி பதிலின்றி வரலாற்றில் கலந்தது. சித்திரையும் வைகாசியும் சிமெண்டுப் பெர்மிட்டுக்கு அலைந்ததில் போயின. ஆனி முடிவில் சிமெண்டு வந்தது. கூடவே காலெடுத்து வைத்தது ஆடி.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடப்பாரை ஏந்திக் களம் புகுந்தான் நல்லகாமன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, மானத்தைக் கூலிக்கு விட்டு மீட்பதில்லை என்பது அவன் கொள்கை. பட்டியக்கற்கள் அணிவகுத்து எதிர்த்தன. மதயானை நெற்றியில் வேல் பாய்ந்தாற்போல் கடப்பாரை பாய, ஒரு கல் புரண்டது. புரண்ட கல்லின் அடியிலிருந்து அதுவரை அமைதியாக இல்லறம் நடத்திய தேள் ஒன்று வெளியேற, கடப்பாரை ஓரிடத்திலும் கோமான் வேறோரிடத்திலுமாக நின்றது போர்த்தந்திரமேயன்றி வேறல்ல. கால் பெருவிரல் நகத்தைக் களபலியாகக் கொடுத்து, கடைசிக் கல்லையும் சாய்த்து, வியர்வை வெள்ளம் வேட்டியில் சங்கமிக்க அவன் நிமிர்ந்தபோது, தெற்குக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை உதயமானது.

அது பக்கத்து வீட்டுத் துளசிராமின் தலை. சௌராஷ்டிரக் குலத்தவர், பட்டு நூலுக்குச் சாயமேற்றி விற்பவர், வீட்டுக்குள் அவர்கள் பாஷை, சுவருக்கு மேலே மதுரைப் பாஷை. அவர் கொல்லையில் எப்போதும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நூல் காய்ந்துகொண்டிருக்கும்.

“அண்ணே, அடுப்புக் கட்டுங்க, வேணாங்கல. பொகை மட்டும் நம்ம பக்கம் வந்துரப்படாது. மஞ்ச நூலு கருத்துச்சுன்னா நாகமணி என்னைய வெளுத்துருவா. கூண்டு ஒசரமா வைங்க. இந்தாங்க, ரசமட்டம்.”

நாகமணி அவர் மனைவி. ரசமட்டம் அவர் வீடு கட்டியபோது வாங்கியது. அந்தத் தெய்வக் கருவி கைக்கு வந்தபின் நாயகனுக்கு எதிர் ஏது? அன்று மாலைக்குள் கொல்லை முழுவதும் சிமெண்டுத் தரை விரித்தான். குமிழ் நடுவில் நின்றது. நகர்த்தி நகர்த்தி எங்கே வைத்தாலும் நடுவில் நின்றது. பாண்டியநாட்டில் அதற்கு நிகராகத் தட்டையாயிருந்தது வடித்த கஞ்சியின் மேற்பரப்பு ஒன்றே. ஈரத் தரையின் விளிம்பில், இன்னும் வேலை தொடங்காத தென்கிழக்கு மூலையில், மண்ணில் கால் ஊன்றி நின்றுகொண்டு தன் சிருஷ்டியைப் பார்த்துப் புன்னகைத்தான் நல்லகாமன். வெற்றி வெறியில், ‘இருட்டுமுன் பழைய அடுப்பையும் இடித்துவிடுவோமே’ என்று திரும்பினான்.

திரும்பியவனை இரண்டு கண்கள் பார்த்தன.

பழைய மண்ணடுப்பின் வயிற்றுக்குள்ளே, சாம்பல் மெத்தையின்மேலே, இறகு விரித்து, கழுத்து சுருக்கி, முட்டைகளாகிய நவநிதியை மூடிக்கொண்டு, அசைவற்று, இமையற்று, ஈவிரக்கமற்று வீற்றிருந்தது ஒரு செவலைப் பெட்டைக்கோழி. அது அடையில் இருந்தது.

அவன் முன்னே கற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில், பின்னே கோட்டை விழுந்துவிட்டிருந்தது. காட்டிக்கொடுத்தவள் அன்னக்கொடியே. சாம்பலில் அடைவைத்தால் கோழிக்குப் பேன் பிடிக்காது என்று அவள்தான் முட்டை அடுக்கிக் கோழியை உட்கார்த்தினாள். கேட்டதற்கு அவள் தந்த பிரகடனம் வருமாறு:

“அத அசைக்கப்படாது. அசைச்சா அம்புட்டும் கூமுட்டையாப் போகும். அதோட, இது எங்கண்ணன் குடுத்துவிட்ட கோழி. மொத ஈடு குஞ்சுல சேவல்லாம் கருப்புக்குன்னு நேந்துவிட்டுருக்கு. ஒரு முட்டை கெட்டுச்சு, அடுத்து நீங்கதான் அடை கெடக்கணும்.”

அடுப்பை வேறிடத்தில் கட்டினால் என்ன என்று கேட்கலாம். கேட்பவர் வடக்கத்தியராக இருக்க வேண்டும். அடுப்புக்கு உரிய இடம் அக்கினி மூலை. அக்கினி மூலை தென்கிழக்கு. ஒரு கொல்லைக்குத் தென்கிழக்கு ஒன்றுதான். அந்த ஒன்றின்மேல்தான் கோழி உட்கார்ந்திருந்தது. ஒருபுறம் அக்கினி பகவான், ஒருபுறம் கருப்பு, நடுவில் மைத்துனனின் தூக்குவாளி. மூன்று வல்லரசுகளுக்கு இடையே மாட்டிய குறுநிலமன்னன் போலானான் நல்லகாமன்.

மறுநாள் விடிந்ததும் அன்னக்கொடி தெருக்குழாய்க்குக் குடம் தூக்கிப்போன இடைவெளியில் அவன் முதலில் சமரசத்தை நாடினான். கோழியாகவே எழுந்து சென்றால் அது அசைத்ததாகாது அல்லவா? அடுப்பு வாயிலிருந்து முருங்கை மரம்வரை குருணையால் ஒரு ராஜபாட்டை போட்டான். செவலை தன் அலகுக்கு எட்டிய தூரம்வரை இருந்த குருணையைத் தின்றது. எட்டாத குருணையைக் காக்கைகள் தின்றன. பிறகு அது கண்ணை மூடிக்கொண்டது. அரைப்படி குருணை போனதோடு சமாதானத் தூது முறிந்தது.

சினங்கொண்ட வீரன் சாக்குப்பையைக் கையில் சுற்றி, சோறு வடிக்கும் அலுமினியத் தட்டைக் கேடயமாக ஏந்தி, குனிந்து, தவழ்ந்து, அடுப்பு வாய்க்குள் கையைச் செலுத்தினான். உள்ளே நடந்தது என்ன என்பதைச் சாக்கு அறியும், சாம்பல் அறியும். வெளியே வந்த கையில் சாக்கு இல்லை. சாம்பல் பூசிய முகத்தோடு அவன் உட்கார்ந்திருந்ததைத் துளசிராம் மட்டும் பார்த்தார்; சிவனடியார் யாரோ வந்திருக்கிறார் என்று எண்ணிக் கும்பிடவும் செய்தார்.

அப்போதுதான் நாயகனுக்குத் தன் தெய்வாயுதம் நினைவுக்கு வந்தது. உள்ளே சென்று, ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துக் கழுத்தில் அணிந்து, காக்கிச் சட்டையையும் போட்டுக்கொண்டு வந்தான். சீருடையின்றி ஊதினால் சட்டப்படி செல்லாது. அடுப்பின் எதிரே கால் அகட்டி நின்றான். முதுகுக்குப் பின்னே, முந்தின நாள் இட்ட சிமெண்டுத் தரை. ஈரச்சாக்குப் போர்த்தி, ஆடிமாதத்து மூட்டத்தில் இன்னும் இளகலாகவே கிடந்தது. மதுரை மாநகரில் இந்த ஊதலுக்குப் பின்வாங்காத வண்டி இல்லை. மூச்சை இழுத்தான். ஊதினான்.

கோச்சடையே விழித்தது. தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்றார். செவலை எழுந்தது. ஆ, எழுந்தது! ஆயின் பின்வாங்கவில்லை. இறகெல்லாம் சிலிர்த்து, ஒரு கோழி மூன்று கோழியாகி, கொக்கரித்து, அடுப்பு வாயிலிருந்து பீரங்கிக் குண்டெனப் புறப்பட்டு, நேரக் காப்பாளனின் முழங்காலைக் குறிவைத்துப் பாய்ந்தது. ஊதியவாறே ஓரடி பின்வைத்தான் நல்லகாமன். இன்னோரடி. சுவருக்கு மேலிருந்து துளசிராமின் குரல், பழகிய நடத்துநரின் நிதானத்தோடு ஒலித்தது.

“வாங்கண்ணே… பின்னாடி வாங்க… வரலாம், வரலாம்… ஹோல்டான்! ஹோல்டான்!”

பிந்திவிட்டது. ஈரச்சாக்கு வழுக்கியது. மலை சரிந்தாற்போல், ஆலமரம் வேரோடு சாய்ந்தாற்போல், தேர் அச்சு முறிந்தாற்போல், ரசமட்டம் போற்றிய அச்சமதளத்தின் நட்டநடுவே நல்லகாமன் உட்கார்ந்தான். சத்தம் பெரிதாக இல்லை. ‘சொத்’ என்றுதான் கேட்டது.

செவலை அவனை ஒருமுறை வலம்வந்து, திரும்பிப்போய் முட்டையின்மேல் அமர்ந்தது.

குடத்தோடு வந்த அன்னக்கொடி அவனையும் தரையையும் பார்த்தாள். குடத்தைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீரை அவன் தலையில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவன் எழுந்த இடத்தில் அரண்மனைச் சிம்மாசனம்போல வழுவழுவென்று, அகலமாக, ஆழமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதை நிரப்பலாமென்றால் மிச்சமிருந்த சிமெண்டு அடுப்புக்கே பற்றுமா என்பது சந்தேகம். இன்னொரு மூட்டைக்கு இன்னொரு பெர்மிட். பெர்மிட் வருவதற்குள் இன்னொரு ஆடி வந்துவிடும். பள்ளம் பள்ளமாகவே இறுகியது. இரவெல்லாம் அதை நினைத்து அவன் குப்புறப் படுத்திருந்தான். நிமிர்ந்து படுக்க முடியாததற்கு வேறு காரணமும் உண்டு.

போரில் தோற்றவன் கணக்கில் ஜெயிக்கலாம். விடிந்ததும் நல்லகாமன் தன் தொழிலறிவை உதவிக்கு அழைத்தான். அடைவைத்த நாள் எது என்று மனைவியிடம் விசாரித்தான்; மூன்று வாரத்தைக் கூட்டினான்; பேருந்து நிலைய ஒலிபெருக்கியின் தோரணையில் அறிவித்தான்:

“சனிக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குப் பொரிப்பு. ஆறரைக்கு கோழியும் குஞ்சும் கூடைக்கு மாத்தம். ஞாயித்துக்கெழம காலையில ஒங்கண்ணன் கறியோட வந்தெறங்கவும் தீமூட்டம். அதுவரைக்கும் கோழிய நாம தொடமாட்டோம். கோழியச் சுத்தி அடுப்பக் கட்டிக்கிருவோம்.”

“கோழியென்ன ஒங்க டவுன் பஸ்ஸா, ஆறு மணின்னா ஆறு மணிக்கு எடுக்க?” என்றாள் அன்னக்கொடி.

இந்த வினாவையும் வரலாறு வாங்கி மடியில் முடிந்துகொண்டது.

கட்டினான்! எப்படிக் கட்டினான் என்பீர்கள்? அடைக்கோழி நாளைக்கு ஒருமுறை எழுந்து, நாலு வாய் இரை கொத்தி, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, மண்ணில் ஒரு புரள் புரண்டுவிட்டுத் திரும்பும். அந்தக் குறுகிய போர்நிறுத்தத்தில் மட்டும் அடுப்பின் அருகே செங்கல் வைத்தான். அது வரும் காலடி கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். மற்ற நேரத்தில் எட்ட நின்று அம்மி பதித்தான், தொட்டி கட்டினான், புகைக்கூண்டுக்குச் சாரம் போட்டான். பழைய மண்ணடுப்பு அப்படியே புது மேடையின் கருவறையானது. மேலே இரண்டு பானைக் கண்கள். அவற்றின் வழியாகச் செவலை வானத்தைப் பார்த்தது. முன்னே வளைவு வைத்த வாசல்; அதன் வழியாக அது ஊரைப் பார்த்தது. உச்சியில் துளசிராம் கேட்டதைவிட ஒரு முழம் உயர்ந்த கூண்டு. அதில் ஆடிக்காற்று புகுந்து நாதசுரம்போல் ஊத, அதன் அடியில் மகாராணி முட்டை புரட்டினாள். வாசல் ஓரத்துப் பூச்சில் நல்லகாமன் தன் விரலால் வருஷத்தையும் எழுதினான்: 1982. எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் தணிந்திருந்தது.

சனிக்கிழமை வந்தது. ஆறு மணி வந்தது. நல்லகாமன் கையில் கூடையோடு அடுப்பின் எதிரே நின்றான். ஆறரை ஆயிற்று. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் எத்தனையோ வண்டிகள் தாமதமாக, அவன் காத்து நின்றிருக்கிறான். அவற்றின் ஓட்டுநரிடம் விளக்கமாவது கேட்கலாம். இங்கே யாரிடம் கேட்பது? செவலை கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவே. விளக்கு வைத்த பிறகும் நின்றான். கூடை மட்டும் வீட்டுக்குள் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுமலை வண்டியில் வந்திறங்கினான் பேயாண்டி. பின்னால் பெண்டு பிள்ளைகளும் பங்காளிகளும். வலக்கையில் கறி நிறைந்த பித்தளைப் போணி. இடக்கையில், வெயிலில் பளபளக்க, வெறும் தூக்குவாளி.

“இருக்கட்டும்னு எடுத்தாந்தேன் மாப்ள. அடுப்பு எரிஞ்சா இதுல மோர் வாங்கியாருவோம். எரியலைன்னு வையி, அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயி ஆக்கிக் கொண்டாந்துருவேன். பஸ்ஸு எத்தன மணிக்குன்னு ஒனக்குத் தெரியாததா?”

தெரியும். அதுதான் கொடுமை.

படை கொல்லைக்குள் நுழைந்தது. அன்னக்கொடி அண்ணன் கையிலிருந்த போணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாக் கண்களும் பேயாண்டிமேல். அவன் மடியிலிருந்து கோயில் எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான். அது உருளவில்லை. இடம் மாற்றி வைத்தான், உருளவில்லை. முகம் கொஞ்சம் வாடியது. அம்மியைத் தட்டினான். தொட்டியில் எட்டிப் பார்த்தான். அண்ணாந்து கூண்டைப் பார்த்தான். குறை சொல்ல வாய் திறந்து, கிடைக்காமல் மூடினான். பிறகு ஒதுங்கி நின்று கட்டளையிட்டான்.

“சரி. தீய மூட்டு.”

நல்லகாமன் கையில் தீப்பெட்டி இருந்தது. எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது. குச்சியை உரசினால் கருப்பின் கோபம், உரசாவிட்டால் தூக்குவாளி. ஒரு வருஷத்து வைராக்கியமும், ஒரு நகமும், அரைப்படி குருணையும், உட்கார முடியாத ஒரு வாரமும் அவன் கண்முன்னே ஊர்வலம் போயின. பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தான். சுவருக்கு மேலே துளசிராமின் தலையும், பக்கத்தில் முதன்முறையாக நாகமணியின் தலையும் தோன்றின. ஊர் மூச்சடக்கியது.

“என்னா மாப்ள, பெட்டி நமுத்துப்போச்சா?” என்று கேட்டுக்கொண்டே அடுப்பு வாசலில் குனிந்தான் பேயாண்டி.

உள்ளேயிருந்து செவலை அவனைப் பார்த்தது. அவன் செவலையைப் பார்த்தான். எழுமலைச் சிங்கமும் கோச்சடைப் பெட்டையும் மூக்குக்கு அலகாக முகம் நோக்கி நின்ற அந்தக் கணத்தில், கோழியின் வயிற்றுக்கடியிலிருந்து மெல்லியதாய், மழைத்துளி தகரத்தில் பட்டாற்போல், ஒரு குரல் எழுந்தது.

“கீச்.”

பேயாண்டி நிமிர்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அடிக்கத்தான் எடுக்கிறான் என்று நல்லகாமன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். துண்டோ இடுப்புக்குப் போய்ப் பயபக்தியோடு கட்டப்பட்டது.

“ஏ… எல்லாரும் வந்து பாருங்கப்பா! நாங் குடுத்துவிட்ட கோழிப்பா இது! இது குஞ்சுல சேவல்லாம் கருப்புக்கு நேந்தது! அதுக்கு மேடை கட்டி, வளைவு கட்டி, காத்துக்குக் கூண்டும் வச்சிருக்கான்யா எம் மாப்ள! எழுமலையில எவனாச்சும் சாமி கோழிக்குக் காரைவீடு கட்டிருக்கானா? சாமிக்கே அங்க ஓலக்கொட்டகைதான்! இதுல தீய வைன்னு சொன்ன வாய…” என்று தன் கன்னத்திலேயே போட்டுக்கொண்டான். “குஞ்சு அம்புட்டும் எறங்குற வரைக்கும் எவனும் இங்கன பீடி கூடப் பத்தவைக்கக் கூடாது!”

குலவையிட்டார்கள் பெண்கள். சைக்கிள்காரர் மறுபடி இறங்கி நின்றார். நல்லகாமன் தீப்பெட்டியை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இதெல்லாம் பங்குனி மாதமே தான் தீர்மானித்தது என்பதுபோல மீசையைத் தடவினான்.

ஆனால் வெற்றியால் கறி வேகாது. அக்கினி மூலை போயிற்று; விறகு கிடக்கிறது, வைக்க இடமில்லை. பங்காளிகள் கூடி நின்று, ஆற்றுமணலில் குழி வெட்டலாமா, எழுமலைக்கே போய்விடலாமா என்று மந்திராலோசனை செய்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து பட்டையும் கிராம்பும் சின்ன வெங்காயமும் கலந்த ஒரு வாசம் புறப்பட்டு வந்து ஆலோசனையைக் கலைத்தது. வாசலில் அன்னக்கொடி நின்றாள்.

“பம்பு ஸ்டவ்வுல ரெண்டு தவணையா வச்சு எறக்கிட்டேன். எல போடுங்க.”

வாழை இலைகள் விழுந்தன. பேயாண்டி தனக்கு இடம் தேடினான். தரையின் நடுவே இருந்த அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. அதில் மெல்ல அமர்ந்தான். அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தியது. அவன் கண்கள் கலங்கின.

“மாப்ள… மச்சானுக்குன்னு தனியாப் பள்ளம் போட்டு வச்சிருக்கியேய்யா.”

நல்லகாமன் தலையை மட்டும் ஆட்டினான். பின்னால் ஒருமுறை வலித்தது, அவ்வளவுதான். துளசிராம் சுவருக்குப் பின்னால் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

அன்னக்கொடி குழம்பை ஊற்றினாள். சோற்று மலையின் உச்சியில் அவதரித்த செங்குழம்பு, கறிப்பாறைகளைச் சுற்றி, பொரியற்சோலையைத் தழுவி, இலையின் விளிம்புவரை வந்தது. வந்து, நின்றது. உசிலம்பட்டி வண்டி நிற்பதுபோல் நின்றது. ஒரு வருஷத்து மானம் அந்த விளிம்பில் மீண்டது. நாயகன் நெஞ்சு புகைக்கூண்டளவு உயர்ந்தது. பேயாண்டி சோற்றைப் பிசைந்தான். ஒரு கவளம் உருட்டினான். காற்று நின்றது, முருங்கை நின்றது, கூண்டின் நாதசுரம் நின்றது. கொல்லையும் கோச்சடையும் கருப்பும் செவலையும் அந்த ஒற்றைக் கவளத்தின் தீர்ப்புக்காகக் காத்து நிற்க, அவன் அதை வாயிலிட்டு, மென்று, விழுங்கி, நிமிர்ந்து, மைத்துனனின் முகத்தை நேருக்கு நேர் நோக்கினான்.

குழம்பில் உப்புக் கொஞ்சம் கம்மியாக இருந்தது.